கேட்டால் மட்டும் சொல்லவும்

ஒரு ரகசியத்தை ஒரு வாரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்து பாருங்கள், அப்போது தெரியும் அந்தக் கஷ்டம். நம் தையல்காரம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அதுவும் யாரிடம் மறைக்கிறாள்? பெற்ற மகளிடம்.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக நாலு வரி. மகள் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். அந்தக் குடும்பத்தில் ஆஸ்பத்திரிக்குப் படுக்கப் போனவர்கள் நிறைய, படிக்கப் போனவள் இவள் ஒருத்திதான். முதல் இரண்டு வருஷம் எலும்பு, நரம்பு, ரசாயனம் என்று எதைக் கொடுத்தாலும் ஊதித் தள்ளினாள். மூன்றாம் வருஷம் நோயாளியிடம் உட்கார்ந்து பேசும் தேர்வு வந்தது. அதில் போய்க் குப்புற விழுந்தாள்.

“ரெண்டு வருஷம் செத்தவங்ககிட்ட பாடம் படிச்சேன்மா. அவங்க யாரும் குறுக்கே பேசினதில்ல. உயிரோட இருக்கிறவங்க பேசிக்கிட்டே இருக்காங்க” என்று அன்றைக்கு அழுதாள்.

இன்று மறுதேர்வு. இதிலும் தவறினால், கூடப் படித்தவர்கள் எல்லாரும் வார்டுக்குப் போவார்கள். இவள் மட்டும் அதே பெஞ்சில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும்.

இனி அம்மாவின் ரகசியம். வீட்டில் தையல் வேலை செய்கிற அவளுக்குக் கல்லூரியில் இன்னொரு வேஷம் உண்டு. மகள் அங்கே சேர்வதற்கு முன்னால், வார்டுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கப் போன இடத்தில், எக்ஸாம் ஆபீஸ் மேடம் அவளுடைய பேச்சைக் கேட்டு அசந்துபோய், “நோயாளியா நடிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டார். நிஜமாகவே உடம்பு சரியில்லாத ஒருவரிடம் நூறு மாணவர்கள் வரிசையாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டால் அவர் என்னத்துக்கு ஆவார்? அதனால் தேர்வுக்கு நடிப்பவர்களை வைத்துக்கொள்கிறார்கள். அம்மாவின் வேஷம் மயக்கம். எக்ஸாம் ஆபீஸில் அவளுக்குப் பெயரே மயக்கம் அம்மா.

அவள் கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். மேலே பெரிய எழுத்தில், ‘மயக்கமாக வருகிறது என்று மட்டும் சொல்லவும்’. கீழே சின்ன எழுத்தில், ‘படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது’. அந்தச் சின்ன எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கட்டளை: ‘கேட்டால் மட்டும் சொல்லவும்’.

பாருங்கள், நம் பேச்சில் மயக்கம் என்றால் எத்தனை! தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம், பசியில் சோர்ந்து சாய்ந்தாலும் மயக்கம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வியாதி. எந்த மயக்கம் என்று கேட்கிற பிள்ளை தேறும். கேட்காமல் சர்க்கரை, இதயம் என்று புத்தகத்தை ஒப்பிக்கிற பிள்ளை அம்போ. அந்த ஒரு கேள்வியில்தான் முழு மதிப்பெண்ணும் இருக்கிறது.

இது அம்மாவுக்குத் தெரியும். அம்மா தேர்வில் நடிக்கிறாள் என்பது மகளுக்குத் தெரியும், எந்த வியாதி என்று தெரியாது. யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மகள் இங்கே படிக்கிறாள் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தாள். அதனால் அவளை இடது பக்க அறைகளிலும் மகளை வலது பக்க அறைகளிலும் போட்டுவிட்டார்கள். அங்கேயும் இதே மயக்கம்தான், நடிப்பது வேறொரு அம்மா.

காலை ஏழு மணி. மகள் குளியலறையில் இருந்தாள். அப்பா, லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷர், சமையலறைக்குள் பூனை மாதிரி நுழைந்தார்.

“இந்தா பாரு. முழுசா சொல்ல வேணாம். ஒரே ஒரு வார்த்தை. சும்மா ஜாடையா.”

“முடியாதுங்க.”

“எந்த ஒயரு போயிருக்குன்னு தெரிஞ்சும் பக்கத்துல நிக்கிறவன்கிட்ட சொல்லாம இருக்கிறது ஒரு பொழப்பா?”

“லிஃப்ட்டுல ஆள் மாட்டினா சொல்லலாம். இது பரீட்சை.”

“நம்ம புள்ள வருஷம்டி!”

“அதனாலதான் சொல்லல” என்றாள் அம்மா. “நாளைக்கு நிஜமா ஒருத்தர் வந்து உக்காரும்போது, பின்னாடி நின்னு நானா சொல்லிக் கொடுக்கப் போறேன்?”

அவர் முறைத்தார். அவளும் முறைத்தாள். முறைத்துக்கொண்டே குனிந்து கீழே இருந்த பாத்திரத்தை எடுத்து நிமிர்ந்தாள் பாருங்கள், கண்ணுக்கு முன்னால் எல்லாம் கறுத்தது. சட்டென்று சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வாரமாக இப்படித்தான். எழுந்தால் இருட்டிக்கொண்டு வருகிறது, கொஞ்ச நேரத்தில் தெளிகிறது.

“என்ன ஆச்சு?” என்று அப்பா பதறினார். அதே நேரம் துண்டால் தலையைத் துவட்டியபடி மகளும் வாசலில் வந்து நின்றாள்.

அம்மாவின் நாக்கு நுனிவரை அந்த வார்த்தை வந்துவிட்டது. மயக்கமா இருக்கு. சொன்னால் என்ன ஆகும்? மகள் உடனே கேள்வி கேட்பாள். அம்மா பதில் சொல்வாள். மூன்று மணி நேரம் கழித்து வலது பக்க அறையில் இன்னொரு அம்மா அதே வார்த்தையைச் சொல்வாள். ஒத்திகை பார்த்துவிட்டுப் போன மாதிரி ஆகிவிடும். கையெழுத்து என்ன ஆவது?

“கால் மரத்துப் போச்சு” என்றாள் அம்மா.

“உக்காந்தே தைக்கிற, அதான். அந்த மாத்திரையைப் போட்டுக்க வேண்டியதுதானே?” என்றார் அப்பா.

“போட்டாச்சு, போட்டாச்சு. நீங்க கிளம்புங்க.”

மகள் அம்மாவை ஒரு கணம் பார்த்தாள். ஆனால் அவள் மனசு முழுக்கத் தேர்வில் இருந்தது. வாய் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவளைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை.

தேர்வுக் கூடத்தில் ஒவ்வொரு அறைக்கும் எட்டு நிமிஷம். மணி அடித்தால் மாணவர் உள்ளே வருவார். மறுபடி அடித்தால், வாக்கியம் பாதியில் நின்றாலும் வெளியே போக வேண்டும். மூலையில் ஒரு ஆசிரியர் கல்லு மாதிரி உட்கார்ந்து குறித்துக்கொண்டிருப்பார்.

முதலில் வந்த பையன் உட்காராமலே கேட்டான். “சர்க்கரை இருக்கா? பிரஷர் இருக்கா? வீட்டுல யாருக்காவது ஹார்ட் பிராப்ளம்?”

“இல்ல தம்பி. மயக்கமாத்தான் வருது.”

“சரிங்கம்மா, ஈசிஜி எடுத்துப் பாத்துடலாம்.”

மணி அடித்தது. கேள் கேள் என்று அம்மா கண்ணாலேயே கெஞ்சிப் பார்த்திருப்பாள் என்றா நினைக்கிறீர்கள்? ம்ஹூம். நாலு வருஷப் பழக்கம். முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை.

இரண்டாவது பெண் அழகாக வணக்கம் சொன்னாள், அழகாகச் சிரித்தாள், அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. மூன்றாவது பையன் அம்மா பேச ஆரம்பித்ததும் பேனாவைக் கீழே வைத்தான். “மயக்கம்னு சொல்றீங்களேம்மா, அப்போ என்ன ஆகுது உங்களுக்கு?” என்றான். எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ! அம்மா சந்தோஷமாகச் சின்ன எழுத்தை ஒப்பித்தாள்.

பதினாலு பேர் வந்துபோனார்கள். கேட்டவர்கள் ஐந்து பேர். கேட்காமல் போன ஒவ்வொரு முதுகையும் கதவு மூடும்வரை அம்மா பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மகள் எந்தக் கணக்கில் சேர்ந்தாளோ? மதியம் ஒரு தடவை சுவரைத் தாண்டி மகளின் குரல் கேட்டது. “வணக்கம்மா, உக்காருங்க” என்பது வரைக்கும் தெளிவாக இருந்தது. அதற்கப்புறம் நாற்காலி இழுபடும் சத்தத்தில் எல்லாம் போய்விட்டது.

மூன்று மணிக்குக் கடைசி மணி. முன்னால் முடித்தவர்கள் வெளியே போய் உளறிவிடக் கூடாது என்று ஒரு ஹாலில் அடைத்து வைத்திருந்த பிள்ளைகளைத் திறந்துவிட்டார்கள். அம்மா அட்டையை மேடத்திடம் திருப்பிக் கொடுக்க எழுந்தாள்.

அவ்வளவுதான். இந்தத் தடவை இருட்டு தெளியவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். அது வழுக்கிக்கொண்டு போனது. சுவரைப் பிடித்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

“அம்மா!”

வீட்டுக்குச் சேர்ந்து போகலாம் என்று தேடி வந்த மகள்தான். புத்தகப் பையை எறிந்துவிட்டு ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். மணிக்கட்டைப் பிடித்தாள். அம்மாவுக்கு மெதுவாக முகம் தெரிந்தது.

“என்னம்மா பண்ணுது?”

“ஒண்ணுமில்லடி. மயக்கம்.”

சொல்லிவிட்டாள். தேர்வுதான் முடிந்துவிட்டதே.

மகள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. “மயக்கம்னா எப்படிம்மா? தலை சுத்துதா, கண்ணு இருட்டுதா, நினைவு போச்சா?”

அம்மாவுக்கு அப்படியே நெஞ்சு நிறைந்துவிட்டது. கேட்டுவிட்டாள்! என் பொண்ணு கேட்டுவிட்டாள்! அந்தச் சந்தோஷத்தில், காலையிலிருந்து நடித்த வாய், தானாகவே பதிலையும் சொல்லிவிட்டது.

“படுக்கையில புரண்டா ரூமே சுத்துது.”

மகள் அம்மாவையே பார்த்தாள். அப்புறம் ரொம்ப நிதானமாகச் சொன்னாள்.

“அது உன் வேஷம்மா. அதை நான் அந்தப் பக்கம் கேட்டுட்டுத்தான் வரேன். உனக்கு என்ன பண்ணுது? அதைச் சொல்லு.”

அம்மா திகைத்தாள். நாலு வருஷமாக எத்தனையோ பேருக்கு வியாதியை விவரித்தவளுக்குத் தன் உடம்பைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை. மகள் அவசரப்படுத்தவில்லை. போன தடவை பேச ஆரம்பித்த வாயை அடைத்து அடைத்துக் கேள்வி கேட்டவள், இப்போது கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

“எழுந்து நின்னா கண்ணு இருட்டிக்கிட்டு வருது” என்றாள் அம்மா கடைசியில். “சுத்தல் எல்லாம் இல்ல. படியேறினா மூச்சு வாங்குது. ஒரு வாரமா.”

“ஒரு வாரமாவா?”

மகள் அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெளுத்துக் கிடந்தது. நகத்தைப் பார்த்தாள்.

“என்னென்ன மாத்திரை சாப்பிடுற?”

“ஒண்ணும் இல்ல.”

“அம்மா.”

“முட்டி வலிக்கு. கடையில கேட்டு வாங்கினது. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மூணு மாசமா. அதுக்கு முன்னாடி மூணு வேளையும் போட்டேன், இப்போ குறைச்சுட்டேன்” என்று அம்மா என்னவோ சாதனை மாதிரி சொன்னாள்.

மகளின் முகம் மாறியது. குரல் மாறவில்லை. “வெளிக்குப் போறப்ப கறுப்பா போகுதா?”

“சீ! அசிங்கம், இதையெல்லாமா ஆத்தாகிட்ட கேப்ப?”

“யார்கிட்டயும் கேப்பேன்மா. அதுக்குத்தான் படிக்க வச்ச. கறுப்பா, தார் மாதிரியா?”

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியின் மருத்துவப் பிரிவில் அம்மா படுக்கையில் இருந்தாள். வந்து நின்ற பெரிய டாக்டரைப் பார்த்ததும் மகள் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். போன தடவை அவளைத் தவறவைத்தவர் அவர்தான். ‘நோயாளி பேசத் தொடங்கும்போதெல்லாம் குறுக்கிடுகிறாள்’ என்று அவர் எழுதிய வரியை இவள் மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

“யார் பார்த்தது இவங்கள?” என்றார் அவர்.

“நான்தான் சார்.”

“சொல்லு.”

மகள் நிமிர்ந்து நின்றாள். ஐம்பத்திரண்டு வயது, வீட்டில் தையல் தொழில், ஒரு வாரமாக எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறது, தலை சுற்றல் இல்லை, நினைவு தப்பவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது, மூன்று மாதத்துக்கும் மேலாக வலி மாத்திரை, மலம் கறுப்பு, இமை வெளுப்பு, படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் நூற்றுப் பதினெட்டு, நின்றதும் தொண்ணூற்றி இரண்டு. அந்த மாத்திரையால் வயிற்றுக்குள் புண்ணாகி, அதிலிருந்து ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்கிறேன்.

ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை, ஒரு வார்த்தை குறையவில்லை. படுத்திருந்த அம்மாவுக்கு அதில் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் தன் உடம்பை ஒருத்தி இவ்வளவு ஒழுங்காகக் கேட்டு, இவ்வளவு ஒழுங்காக எடுத்துச் சொல்கிறாள் என்பது புரிந்தது. அந்த ஒருத்தி தன் மகள் என்பதும் புரிந்தது. இப்படி ஒரு பெருமையை அவள் வாழ்நாளில் அனுபவித்ததில்லை, வியாதியோடு சேர்ந்து வந்தாலும் சரிதான் என்று நினைத்தாள்.

பெரிய டாக்டர் இமையைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், ரத்தம் எடுக்கச் சொன்னார்.

“ஒரு வாரமா இருக்குன்னா முன்னாடியே ஏன்மா சொல்லல? வீட்டுலயே ஆள வச்சுக்கிட்டு?”

“சொல்லியிருந்தா, இன்னைக்கு அவ கேட்டது அவளா கேட்டதா, நான் சொல்லிக் கேட்டதான்னு எனக்கே தெரியாமப் போயிருக்கும் சார்.”

அவருக்கு முதலில் புரியவில்லை. படுத்திருப்பது யார், எந்த வேஷம் என்று மகள் எடுத்துச் சொன்னதும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரித்தாரா, என்ன என்று தெரியவில்லை.

“நாலு வருஷமா எங்க பசங்களுக்கு ‘மயக்கம்’ சொல்லிக் கொடுக்கிறீங்க. உங்க மயக்கத்தை மறைச்சுட்டீங்களே. நல்ல ஆளும்மா நீங்க” என்றார். மகள் பக்கம் திரும்பி, “போன தடவை நீ பண்ணாததை இன்னைக்குப் பண்ணியிருக்க. இங்கேயே இரு” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மகள் வெடித்தாள்.

“உனக்குப் பைத்தியமா? என் வருஷம் போனாப் போகுது, நீ விழுந்து தலையில அடிபட்டிருந்தா? ரத்தம் போய்க்கிட்டே இருக்கு, கால் மரத்துப் போச்சாம் கால்!”

“கத்தாதடி, நோயாளி பேசும்போது குறுக்கே பேசக் கூடாது.”

“நீ எங்க பேசின?”

அழுகையும் சிரிப்புமாக மகள் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அம்மா ஊசி குத்தாத கையால் அவள் தலையைத் தடவினாள்.

“ரிசல்ட் ஒட்டியிருப்பாங்க. போய்ப் பாத்துட்டு வா.”

“உன்னை விட்டுட்டு எங்கயும் போகல.”

போக வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஐந்து மணிக்கு எக்ஸாம் ஆபீஸ் மேடமே மூச்சிரைக்க வார்டுக்குள் வந்தார். அம்மா விழுந்த செய்தி அவருக்கு அப்போதுதான் போயிருந்தது. “என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க!” என்று அம்மாவைத் திட்டினார், தலையணையைச் சரி செய்தார், அதற்கப்புறம்தான் நினைவு வந்தவராக மகளைப் பார்த்தார்.

“லிஸ்ட் ஒட்டிட்டேன். உன் நம்பர் நாப்பத்தொண்ணுதானே? இருக்கு. அந்த மயக்கம் ரூம்ல முழு மார்க்.”

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பக்கத்துப் படுக்கைக்காரம்மா, “வலிக்குதா?” என்று கேட்டாள். “இல்ல, இல்ல” என்று அம்மா அழுதுகொண்டே சொன்னாள்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தது. மகள் வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அம்மாவிடம் காட்டாமல், நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். நர்ஸிடம் போய்த் தணிந்த குரலில் எத்தனை பாட்டில் ரத்தம் தேவைப்படும் என்று கேட்டாள். அம்மா அதைக் கவனிக்காமல் இல்லை. ஆனால் இப்போது அவளுக்கு வேறு அவசரம், அப்பாவுக்கு போன் போட்டாள்.

எங்கோ பதினோராவது மாடியில் லிஃப்ட் கூண்டுக்கு மேலே நின்றபடி அப்பா எடுத்தார். பின்னால் இரும்புச் சத்தம் கேட்டது.

“என்ன ஆச்சு? புள்ள பாஸா?”

“பாஸ்.”

“யப்பா!” என்று அவர் போட்ட கூச்சல் வார்டுக்கே கேட்டது. “சரி, ரெண்டு பேரும் கிளம்பிட்டீங்களா?”

“நான் வரலங்க. என்னைப் படுக்கையில போட்டாச்சு. பதறாதீங்க, நல்லாத்தான் இருக்கேன். நாளைக்குக் காலையில வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணுமாம்.”

இரும்புச் சத்தம் நின்றது. “யாரு சொன்னது?”

“டாக்டர்.”

“எந்த டாக்டர்?”

அம்மா திரும்பிப் பார்த்தாள். மகள் கட்டில் காலடியில் நின்று, சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, கண் நகரவில்லை.

“நம்ம வீட்டு டாக்டர்தாங்க.”

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“அப்போ அவங்க சொல்றபடி கேட்டு நடந்துக்க. நான் இதோ வந்துடறேன்.”

பிறந்த நாளிலிருந்து வாடி போடி என்று கூப்பிட்ட மகளை, அவர் அவங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை.